கூட்டம் செல்லா இடங்கள்: மன்னார் – மாத்தளைப் பாதை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊருக்கு வருவோர்க்கு அவ்வூரார் காட்டும் இடங்களும், அவ்வூரார் தாமே விரும்பிச் சென்றுவரும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாய் இருப்பதில்லை. இதனைச் சுவைவேறுபாடு என்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. ஆயின், எந்த இடம் காண்பதற்கு உரியது, எந்த இடம் கடந்து செல்வதற்கு மாத்திரம் உரியது என்னும் பகுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து மத்திய மலைநாட்டின் வாயில்வரை செல்லும் ஒரு பாதையைக் கொண்டு அவ்வரலாற்றை நோக்க இக்கட்டுரை முயல்கின்றது. தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் தொடங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடையும் அப்பாதை ஏறத்தாழ 150 மைல் நீளமானது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் நடந்துவந்த வடக்குப் பாதை இதுவே.

மாத்தளையைப் பிறந்த ஊராகக் கொண்ட இக்கட்டுரையாளனிடம், கூட்டமில்லாத நல்ல இடங்கள் சிலவற்றைச் சொல்லுமாறு கொழும்பு நண்பர் பலர் கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொல்லிவந்த இடங்களைச் சேர்த்துப் பார்க்குமிடத்து அவற்றுட் பெரும்பாலானவை இந்த ஒரே பாதையில் அமைந்திருந்தமை புலனாயிற்று. அதனினும் சிந்தனைக்குரியது, அப்பாதையின் தென்பாதியிலேதான் சுற்றுலாப் பேருந்துகள் நாள்தோறும் ஓடுகின்றன என்பது. கூட்டம் செல்லும் இடத்துக்கும் செல்லா இடத்துக்கும் இடையே உள்ளது தூரம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்றைய சுற்றுலா வரைபடம் ஒரே நாளில் வரையப்பட்டதன்று. 1890இல் தொல்பொருளாய்வுத் திணைக்களத்துக்கு அடியிடப்பட்டு எச். சி. பி. பெல் அதன் பொறுப்பை ஏற்றபோது, அகழவேண்டியவை எவை என்னும் தேர்வு தொடங்கியது. அனுராதபுரம், சீகிரியா, பொலன்னறுவை ஆகிய அரச நகரங்களே அத்தேர்வில் முதன்மை பெற்றன. காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட ஆட்சி, காட்டினுள் மறைந்த பழைய அரசுகளை மீட்டெடுப்பதிலும் அக்கறை காட்டியது. அம்மீட்பு வளர்ந்துவந்த தேசிய உணர்வுக்கும் உவப்பாய் இருந்தது. சுதந்திரத்தின் பின்னர் 1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு இந்நாட்டுக்கு வந்த பயணிகள் 19,000 பேருக்கும் குறைவு. 1980இல் மத்திய கலாசார நிதியம் தோன்றியது. அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்று முனைகளையும் இணைத்து யுனெஸ்கோவின் துணையோடு கலாசார முக்கோணம் வகுக்கப்பட்டது. 1982, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் உலக மரபுரிமைப் பட்டியலில் அதன் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 2018இல் வந்த பயணிகளின் தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களுட் பெருந்தொகையினர் இம்முக்கோணத்தினுள்ளேயே சுற்றிவந்தனர்.

வடக்குப் பாதை இம்முக்கோணத்தை ஊடறுத்துச் செல்கின்றது. பழைமை, அரசு, சமயம் ஆகிய மூன்றையுமே அளவுகோலாகக் கொண்ட பார்வைக்கு உழைப்பின் தடம் தென்படுவதில்லை. தென்படினும் அது பழைமையாகக் கொள்ளப்படுவதில்லை. இது சிங்களப் பெரும்பான்மை வரலாற்றெழுத்தின் குறை மாத்திரமன்று. தமிழ்ப் புலமைக்கும் இதிற் சரிபங்கு உண்டு. மாந்தையை எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், மாதோட்டத் துறைமுகம், போர்த்துக்கேயர் அழித்த கோயில் என்பன பற்றி நம்மவர் எழுதியவை ஏராளம். 1872இல் ஆறுமுக நாவலர் அக்கோயிலை மீட்கவேண்டுமென விண்ணப்பித்தார். அதே ஆண்டுகளில் அதே மன்னார்க் கரையில் ஆயிரக்கணக்கான தமிழர் தோணிகளிலிருந்து இறங்கிக் காட்டுவழியே நடந்துகொண்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சைவக் கடவுளரையே வணங்கியவர்கள். எனினும் அக்காலச் சைவப் புலமையின் எழுத்துக்களில் அவர்கள் இடம்பெறுவது மிக அரிது. சாதியும் வர்க்கமும் சேர்ந்து பார்வையை எவ்வளவு தூரம் குறுக்கக்கூடும் என்பதற்கு மாந்தை ஒரு சான்று.

பாதையின் தலைவாயிலான தலைமன்னார் இறங்குதுறைக்கு முதலிற் செல்லலாம். நீலக் கடலும் மணல்மேடுகளும் கண்ணுக்கு இனியவை. 1914இல் புகையிரதப் பாதை இங்குவரை நீண்டு, தனுஷ்கோடிக்குக் கப்பற்சேவை தொடங்கிற்று. கால்நடையாக வந்த தலைமுறை முடிந்து, புகையிரதத்தில் வந்த தலைமுறை தொடங்கியது அப்போதுதான். ஆனால் இத்துறையின் வரலாறு வருகையோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. ஒப்பந்தத்தின் மை உலருமுன், அவ்வாண்டு டிசெம்பரிலேயே, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பலில், மலைநாட்டில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பெட்டி படுக்கைகளோடு அனுப்பப்பட்டன. இக்கப்பற்சேவை 1984இல் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச்சில் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இன்று அவ்விறங்குதுறையில் நிற்பவர்க்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இலங்கையில் வர்க்கமும் குடியுரிமையும் எவ்வாறு பின்னிப்பிணைந்தன என்பதைக் கற்பிப்பதற்கு இதற்கு ஒப்பான வகுப்பறையை நான் அறியேன்.

அரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மன்னாரிலிருந்து சிலாவத்துறை செல்லும் பேருந்தில் அருவியாற்றைக் கடந்து அங்கு போகலாம். கடலோரத்தில் ஒரு சிறு கோட்டையின் இடிபாடு. அதற்கு அப்பால், மேட்டின் விளிம்பில், டொரிக் மாளிகை என வழங்கும் கட்டடத்தின் எஞ்சிய சுவர்கள். முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் இதனைக் கட்டுவித்தார். கிரேக்கக் கலைமீது அவருக்கு இருந்த மோகம் பெரிது. செங்கல்லால் எழுப்பி, சிப்பிச் சுண்ணாம்பு பூசி, சலவைக்கல் போலத் தோன்றச் செய்தனர். பனையும் உடைமரமும் நிற்கும் கரையில் ஒரு கிரேக்க மாளிகை! ஆட்சியாளரின் அழகுணர்ச்சி எனப் போற்றுவோர் போற்றட்டும். அது நின்ற காரணம் வேறு. மாளிகையின் மாடியிலிருந்து பார்த்தாற் கடல் தெரியும். கடலில் முத்துப்பார்கள் தெரியும். முத்துக்குளிப்பு அரசின் தனியுரிமை. சிப்பி ஒன்றும் களவு போகாமற் காப்பதற்கு எழுந்த கண்காணிப்பு நிலையமே இந்த அழகிய மாளிகை.

முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தில் இவ்வெறுங்கரையில் ஒரு நகரமே எழும். தமிழ்ச் சுழியோடிகளும் அரபுச் சுழியோடிகளும் வியாபாரிகளும் வட்டிக்காரரும் திரள்வர். கொண்டுவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கு. ஒன்று மூழ்கி எடுத்தவனுக்கு. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி என்னும் மந்திரகாரருக்கும் ஆங்கில அரசு ஊதியம் கொடுத்தது. பகுத்தறிவை ஏற்றுமதி செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஆட்சி, வருமானத்துக்கு உதவுமெனில் மந்திரத்தையும் சம்பளப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் மேற்பார்வை செய்தவர்களுள் இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப் ஒருவர். அவ்வனுபவத்தை அவர் பின்னர் 1921இல் வெளிவந்த சிறுகதை ஒன்றிலும், 1961இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் எழுதினார். ஏகாதிபத்தியத்தின் உள்ளிருந்தே அதன் மீது எழுந்த ஐயத்துக்கு அக்கதை நல்ல சான்று. 1906இல் முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அருகிக் கம்பனியும் கலைந்தது. கடலின் இனப்பெருக்கத்துக்கு இலாபக்கணக்குத் தெரிவதில்லை.

இதே அரிப்புக்கு 1679இல் ஒருவன் நடந்து வந்தான். கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், அனுராதபுரத்தைக் கடந்து மல்வத்து ஓயாவின் கரைவழியே தப்பிவந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அந்த ஓயாவே கீழே அருவியாறு எனப் பெயர் பெறுகின்றது. இலண்டனில் 1681இல் வெளிவந்த அவனது நூல் இன்றுவரை பதிப்பிக்கப்படுகின்றது. அவன் போன வழியை ஆய்வாளர் தேடித் தேடி வரைந்துள்ளனர். ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அதே காட்டை எதிர்த்திசையிற் கடந்த இலட்சக்கணக்கானோருள் தாமே எழுதிய ஒரு பயண நூலேனும் நமக்குக் கிடைக்கவில்லை. நொக்ஸ் பட்ட துன்பம் பெரிது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பாதை வரலாறாவதும் வெறும் வழியாவதும் அதிற் சென்றவன் கையிற் பேனா இருந்ததா என்பதில் எவ்வளவு தங்கியுள்ளது!

இன்று அரிப்பிற் கூட்டம் இல்லை. அமைதியை நாடிச் செல்பவர் மகிழக்கூடும். மகிழுமுன் அவ்வமைதி எவ்வாறு வந்தது என்று கேட்டல் வேண்டும். போர்க்காலத்தில் இக்கரை மூடிக் கிடந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலிப் பிரதேசத்தின் ஊர்கள் பல வெறுமையாயின. 2009இன் பின்னரே அவர்கள் திரும்பத் தொடங்கினர். கூட்டமில்லாத கரை என்று நாம் சுவைக்கும் தனிமையில், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் இல்லாமற்போன தனிமையும் கலந்துள்ளது. முற்போக்காளர் எனப்படுவோர் யாழ்ப்பாண நூலகத்தை நினைவுகூரும் அளவுக்கு முசலியை நினைவுகூர்வதில்லை என்பதையும் இங்குச் சொல்லிவைக்கலாம். டொரிக் மாளிகையையோ கடல் ஒவ்வொரு மாரியிலும் அரித்துக்கொண்டிருக்கிறது. சுவரின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டது. காண விரும்புவோர் காலந்தாழ்த்தாது செல்வது நன்று.

அரிப்பிலிருந்து உள்நோக்கிச் செல்லுகையிற் கட்டுக்கரைக்குளம் வரும். மாலையில் அதன் கட்டில் நடப்பது மன்னார் மாவட்டத்தவர்க்கு உவப்பான பொழுதுபோக்கு. 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் இப்பகுதியில் நடத்திய அகழாய்வு, தொன்மையான குடியிருப்புத் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. அதன்பின் மதவாச்சிவரை சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இல்லை. காடு, குளம், சேனை, மீண்டும் காடு. பயணக் கையேடுகள் இப்பகுதியை இரண்டு வரியிற் கடந்துவிடும். வடக்குப் பாதையின் உண்மையான களமோ இதுதான்.

கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கென ஆவணி முதலாக ஆட்கள் வருவர். முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். எனவே இப்பாதை ஒரே ஆண்டில் இருமுறை நடக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் வறட்சியும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் தள்ள, கங்காணி கொடுத்த முன்பணம் இழுக்க, அவர்கள் புறப்பட்டனர். வழியிற் குடிநீரில்லை, காய்ச்சலும் பேதியும் இருந்தன. விழுந்தவனைத் தூக்கிச் செல்லும் கடப்பாடு எவர்க்கும் இருக்கவில்லை. 1840களில் மாத்திரம் எழுபதாயிரம்பேர் இறந்தனர் என்னும் மதிப்பீடு அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்றிலேயே வெளிவந்தது. பின்வந்த ஆய்வாளர் அத்தொகையை ஏற்றும் மறுத்தும் எழுதியுள்ளனர். டொனோவன் மொல்றிச் 1989இல் வெளியிட்ட நூல் இவ்வாவணங்களைத் திரட்டித் தந்துள்ளது. தொகை எதுவாயினும், இறந்தோர்க்குப் பெயர்ப்பட்டியல் இல்லாமையே தொகை பற்றிய வாதம் முடியாதிருப்பதற்குக் காரணம். மூட்டை எண்ணிக்கையை அந்தர்க் கணக்கிற் குறித்துவைத்த பொருளாதாரம், ஆட்களை அவ்வாறு குறித்துவைக்கவில்லை.

மிகிந்தலையிற் பயணிகள் இறங்கி நிற்பார்கள். அடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மருத்துவமனையின் இடிபாடு உண்டு. நோயாளரை மருந்தெண்ணெயிற் கிடத்துவதற்கான கற்றொட்டியும் உண்டு. வழிகாட்டிகள் அதனைப் பெருமையோடு விளக்குவர். பெருமைக்குரியதே. பேதி கண்ட கோப்பித் தொழிலாளர் இவ்விடத்தை அண்டிச் சென்ற காலத்தில் அது ஆயிரம் ஆண்டுப் பழைய இடிபாடாய்க் கிடந்தது.

எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் வாய்மொழிச் சான்றை நாடுவது நமது துறையின் வழக்கம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பயில்வோர் ஒன்றை அவதானிக்கலாம். அங்கே மலை ஒரு காட்சிப்பொருளாக வருவது குறைவு. உடன்வந்தவரைப் பறிகொடுத்த இடமாகவும், கங்காணியின் குரல் கேட்கும் இடமாகவும் வருவது அதிகம். இயற்கையை அழகாகக் காண்பதற்கு அதனிடமிருந்து ஓரளவு ஓய்வு வேண்டும். 'கண்கவர் மலையகம்' என்னும் தொடர் அம்மலையில் வேலை செய்யாதவர் ஆக்கிய தொடர்.

தம்புள்ளையில் எல்லோரும் குகைக்கு ஏறுவர். குகையின் ஓவியங்கள் அருமையானவை. அவற்றைக் காணவேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் 1848 யூலை 26ஆம் நாள் அவ்விகாரையிலேதான் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புதிய வரிகள் கண்டியக் குடியானவரை வருத்தின. அவற்றுள் மிகக் கசந்தது வீதிச்சட்டம்: ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய், அல்லது மூன்று சிலிங் கொடு. வீதி எவர்க்காக? தோட்டத்துரைமாரின் கோப்பி மூட்டைக்காக. கிளர்ச்சியாளர் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கி, கச்சேரியையும் கோப்பிக் களஞ்சியங்களையும் தாக்கினர். வாரியப்பொலத் தோட்டத்தருகே படையினர் அவர்களைச் சிதறடித்தனர். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். பண்டா பின்னர் பிடிபட்டு, கசையடி பெற்று, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான்.

அவர்கள் இறங்கிய பாதையும் வடக்குப் பாதையின் ஒரு பகுதியே. சில கிழமைகளின் பின்னர், ஆவணி பிறந்ததும், அதே பாதையில் அறுவடைக்கு ஆட்கள் வந்திருப்பார்கள். நிலத்தையும் காட்டையும் இழந்த குடியானவனும், நிலமே இல்லாது கடல் கடந்தவனும் ஒரே மூலதனத்தின் இரு பக்கத்திலும் நின்றனர். ஒருவன் கோப்பிக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான்; மற்றவன் அதனை நிரப்பினான். இவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டனர் என்பதே இப்பாதையின் வரலாறு எழுப்பும் மிகக் கூரிய வினா. மொழியும் சமயமும் கூலிமுறையும் இடையில் நின்றன. பின்னாளின் அரசியல் அத்தடுப்புக்களைக் கண்டெடுத்து உயர்த்திற்று. அவற்றின் அடித்தளம் கோப்பிக் காலத்தது. தம்புள்ளையிலும் மாத்தளையிலும் 1848 நினைக்கப்படுகிறது, தேசிய வீரக்கதையாக. அதன் உழைப்புப் பக்கம் நினைக்கப்படுவதில்லை.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவே, பெருவீதியிலிருந்து கிழக்கே அரைமணி நேரத்துக்குள் நடந்து சேரத்தக்க தூரத்தில் நாலந்தா கெடிகே உள்ளது. என்னைக் கேட்டால் முதலிற் சொல்லும் இடம் இது. பல்லவர் கட்டடமுறையை நினைவூட்டும் சிறு கற்றளி. பௌத்தமும் இந்து மரபும் கலந்து நிற்பது. கண்டிக்கு விரையும் பேருந்துகள் பல இங்கு திரும்புவதில்லை. போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, நீரில் மூழ்காதிருக்க 1970களின் பிற்பகுதியில் இதனைக் கல் கல்லாகப் பெயர்த்து உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கினர். அரிய பணி. ஓர் அரசு, வேண்டுமென்று கருதினால், வரலாற்றை எவ்வளவு கவனத்தோடு காப்பாற்றும் என்பதை அங்கே குளக்கரையில் அமர்ந்து காணலாம். நடந்துவந்தோர் தங்கிய அம்பலங்கள், நீர் குடித்த கிணறுகள், புதையுண்ட ஓரங்கள் எவை என்று அறிய இப்பாதையில் இதுவரை ஒழுங்கான கள ஆய்வொன்றேனும் நடத்தப்படவேண்டியே உள்ளது. வரலாற்றுத்துறையும் தமிழ்த்துறையும் சிங்களத்துறையும் சேர்ந்து மாணவரை அனுப்பினால் ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கக்கூடிய வேலை அது. சேனைக் கிராமங்களின் சிங்கள முதியோரிடத்தும், தோட்டங்களின் தமிழ் முதியோரிடத்தும் இடப்பெயர்களைக் கேட்டுக் குறித்தாலே பாதி வேலை முடியும். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் அப்பாதியும் கிட்டாது.

மாத்தளையில் இன்று சுற்றுலாப் பேருந்து நிற்கும் இடங்களுள் முத்துமாரியம்மன் கோயில் ஒன்று. நடந்துவந்தோர் காட்டின் ஆபத்தைக் கடந்து ஊர் சேர்ந்த நன்றியோடு வணங்கிய தாய் இவளென்பது ஊர் வழக்கு. 1983 யூலை வன்செயலில் இக்கோயிலும் தாக்கப்பட்டது; பின்னர் திருத்தி எழுப்பப்பட்டது. 1977இலும் 1983இலும் மலைநாட்டினின்று துரத்தப்பட்ட குடும்பங்கள் பல, தம் பாட்டன்மார் நடந்துவந்த வழியிலேயே வடக்கு நோக்கிச் சென்று வவுனியாவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. கோபுரத்தைப் படம்பிடிக்கும் பயணிக்கு இவை சொல்லப்படுவதில்லை. அவருக்குக் கிடைப்பது வண்ணம் மிக்க இந்துக் கோயில். ஆகவே கூட்டம் செல்லா இடம் கூட்டத்தின் நடுவிலும் இருக்கலாம்.

ஊராராகிய நாங்கள் மாலையில் நடப்பது புகையிரத நிலையப் பக்கமாக. 1880இல், கோப்பியை ஏற்றுவதற்கென இப்பாதை திறக்கப்பட்டபோது, இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புகையிரதம் இன்றும் மாத்தளையோடு நின்றுவிடுகிறது.

2023 யூலை 28ஆம் நாள், மலையகத் தமிழரின் வருகை இருநூறு ஆண்டைத் தொட்டதையொட்டி, ஒரு நடைபயணம் தலைமன்னாரிற் புறப்பட்டது. தோட்டத்தவரும் மதகுருமாரும் சமூகச் செயற்பாட்டாளரும் அதில் நடந்தனர். காணி, வீடு, நியாயமான கூலி, முழுமையான குடியுரிமை என்பன அவர்களது கோரிக்கைகள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை எனப் பழைய தங்குமிடங்களை ஒட்டியே வழி அமைந்தது. பதினாறாம் நாள், ஆகஸ்ட் 12இல், அவர்கள் மாத்தளைக்குள் நுழைந்தனர். விடுமுறைப் பருவம், முக்கோணத்தைச் சுற்றும் பேருந்துகள் அதே வீதியில் அவர்களைக் கடந்து போயிருக்கும்.